புரட்டாசி அடுப்படி

ஆவணி கடைசி ஞாயிறு எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி எடுப்போம். அன்று சாயங்காலமே மீன் சட்டியும் கறிக்குழம்புச் சட்டியும் கழுவிக் கவிழ்த்துப் பரணில் ஏறிவிடும். அடுப்புத் திண்டு, அம்மி, மிக்ஸி ஜாடி எல்லாம் மஞ்சள் தண்ணீர் பார்க்கும். அடுத்த சில நாளில் புரட்டாசி பிறக்கும். செப்டம்பர் 17 வாக்கில் தொடங்கி அக்டோபர் 17 வாக்கில் முடிகிற அந்த ஒரு மாதமும் கறி, மீன், முட்டை எதுவும் வாசலைத் தாண்டாது.

புரட்டாசி பெருமாளுக்கு உரிய மாதம். திருமலையில் பிரம்மோற்சவம் நடப்பது பெரும்பாலும் இப்போதுதான். சனிக்கிழமைதோறும் தளிகை, நடுவில் மகாளய அமாவாசை, அதை ஒட்டி நவராத்திரி என்று மாதம் முழுக்கச் சைவமாகவே ஓடும். வெயில் தணிந்து மழை தொடங்குகிற பருவத்தில் செரிமானம் மந்தப்படும், அதனால்தான் கறியை விலக்கினார்கள் என்ற விளக்கமும் காதில் விழுகிறது. எங்கள் அப்பத்தாவுக்கு அதெல்லாம் தேவைப்பட்டதில்லை. "பெருமாளு மாசம் ஆத்தா, அதுக்கு மேல என்ன வேணும்?" என்பார்.

தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் இப்படி மாறுகின்றன என்பதை நாமக்கல் முட்டை விலையே சொல்லிவிடும். புரட்டாசியில் அது இறங்குவதும் ஐப்பசியில் ஏறுவதும் ஆண்டுதோறும் செய்தி. அதே நாமக்கல்லில்தான் 18 அடி உயர ஆஞ்சநேயர் நிற்கிறார். அனுமன் ஜெயந்திக்கு அவருக்கு 1,00,008 வடைகளால் மாலை சாத்துகிறார்கள். முட்டைக்குப் பேர்போன ஊர் வடைக்கும் பேர்போனதாக இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

கறி சாப்பிட்டுப் பழகிய வீட்டில் இந்த மாதம் எங்கே சறுக்குகிறது என்று பல வருடம் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் சாம்பாரும் உருளைக்கிழங்கும். இரண்டாவது வாரம் ரசமும் உருளைக்கிழங்கும். மூன்றாவது வாரம் பிள்ளைகள் தட்டைப் பார்த்ததும் முகம் வாடும். கறியை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சமைத்தால் அது சைவச் சமையல் ஆகாது. ஒவ்வொரு காய்க்கும் கிழங்குக்கும் பருப்புக்கும் ஒரு குணம் இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் புரட்டாசி முப்பது நாளும் போதாமல் போகும்.

கருவாட்டுக் குழம்பிலிருந்தே தொடங்கலாம். அதில் கருவாட்டோடு கிடப்பது மொச்சையும் கத்தரிக்காயும். கருவாட்டை எடுத்துவிடுங்கள், மொச்சைக் குழம்பு தயார். புளி, சின்ன வெங்காயம், பூண்டு, வறுத்து அரைத்த மல்லி, மிளகாய், மேலே நல்லெண்ணெய் எல்லாம் அப்படியே இருக்கட்டும். காய்ந்த மொச்சை இரவு முழுக்க, குறைந்தது எட்டு மணி நேரம் ஊற வேண்டும். அதைத் தனியாக, நன்றாகக் குழைய வேகவைத்த பிறகுதான் புளிக்கரைசலில் சேர்க்க வேண்டும். புளியும் தக்காளியும் எலுமிச்சையும் எந்தப் பருப்பையும் வேக விடாது. பருப்பின் தோலையும் உள்சுவரையும் கட்டிப் பிடித்திருக்கும் பசை, புளிப்பு சேர்ந்தால் இளகாமல் இறுகியே நிற்கும். போர் தண்ணீரிலும் இதே தொல்லை. அந்தத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும் அந்தப் பசையை இன்னும் கெட்டியாக்கும். பருப்பு வேகவில்லை என்று கடைக்காரரைத் திட்டும் முன் ஒருமுறை குடிதண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள். அப்போதும் வேகாவிட்டால் பருப்பு பழசு.

அடுத்தது சேனைக்கிழங்கு. மதுரைப் பக்கத்தில் சுக்கா என்றாலே ஆட்டுக்கறிதான். அந்தச் சுக்காவின் ருசியில் பாதி கறியுடையது, மீதிப் பாதி வறுபடுவதால் வருவது. புரதமும் இனிப்புச் சத்தும் சூட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து பழுப்பேறும்போது நூற்றுக்கணக்கான புது வாசனைகள் பிறக்கின்றன. 1912 இல் இதை விளக்கியவர் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் பெயராலேயே அந்த வினையை அழைக்கிறார்கள். ரொட்டியின் மேல்தோல், முறுகல் தோசை, வறுத்த காப்பிக்கொட்டை எல்லாவற்றுக்கும் மணம் தருவது அதுதான். இது நடக்க ஈரம் போயாக வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, பழுப்பும் எளிதில் ஏறாது.

அதனால் சேனையை விரல் கனத்துக்கு வெட்டி, மஞ்சளும் உப்பும் கொஞ்சம் புளித்தண்ணீரும் விட்டு முக்கால் வேக்காட்டில் இறக்கி, வடிகட்டி, ஈரம் ஆறும்வரை பரப்பி வையுங்கள். பிறகு அகலமான இரும்புச் சட்டியில், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், மிளகு, சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயத்தோடு பொறுமையாக வறுக்க வேண்டும். மூடி போடக் கூடாது; மூடினால் ஆவி திரும்ப விழுந்து காய் குழைந்துவிடும். சேனை அரிப்பதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் அவை; தொண்டையிலும் கையிலும் குத்துகின்றன. புளி சேர்ப்பதும் நன்றாக வேகவைப்பதும் அதற்குத்தான். புதிதாகத் தோண்டியதை விட, வாங்கிச் சில நாள் வைத்த பழைய சேனை அரிப்பு குறைவு என்று சந்தையில் சொல்வார்கள். என் கையும் அதையே சொல்கிறது. வெட்டும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

வாழைப்பூவை வாங்கத் தயங்குகிறவர்கள் நிறைய. ஆய்வதற்கு நேரம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் அதை ஆயும் அரை மணி நேரம்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காரும் நேரம். மடல் ஒன்றை உரித்தால் சீப்பு மாதிரி அடுக்கிய பூக்கள். ஒவ்வொரு பூவிலும் தலை திரண்ட ஒரு நரம்பு, அடியில் கண்ணாடி மாதிரி ஒரு செதில். இரண்டும் எத்தனை வேகவைத்தாலும் வேகாது, எடுத்துவிட வேண்டும். நரம்பைக் கள்ளன் என்பார்கள். கள்ளனைப் பிடிக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் போட்டி போட்டுச் செய்வார்கள். ஆய்ந்த பூவை உடனே மோர் கலந்த தண்ணீரில் போட வேண்டும். வெட்டுப்பட்ட இடத்தில் காற்று பட்டால் கறுக்கும். மோரின் புளிப்பு அதைத் தடுத்து வைக்கும்.

இந்தப் பூவில் உசிலி செய்யலாம், வடை செய்யலாம். எங்கள் வீட்டில் கோலா உருண்டை. கொத்துக்கறிக் கோலாவுக்கு என்ன சேர்ப்போமோ அதேதான் இதற்கும்: தேங்காய், சோம்பு, பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, கசகசா, கட்டிப் பிடிக்கப் பொட்டுக்கடலை மாவு. பூவை வேகவைத்து ஒட்டப் பிழிந்துவிட்டு அரைக்க வேண்டும். பிழிவது குறைந்தால் உருண்டை எண்ணெயில் பிரிந்துபோகும். இது கறிக் கோலா மாதிரி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. இதற்குத் தனித் துவர்ப்பு ஒன்று உண்டு. அந்தத் துவர்ப்புக்காகவே நான் சித்திரையிலும் செய்கிறேன்.

பருப்பு உருண்டைக் குழம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, கொரகொரப்பாக அரைத்து, வெங்காயம் சேர்த்து உருட்டிப் புளிக்குழம்பில் போடுவது. உருண்டை கரைந்துபோகிறது என்பதுதான் எல்லோருக்கும் உள்ள குறை. கரைவதற்கு மூன்று காரணம்: மாவில் தண்ணீர் அதிகம், குழம்பு கொதிக்கும் முன் போட்டது, போட்டதும் கரண்டி விட்டது. பயமாக இருந்தால் இட்லித் தட்டில் பத்து நிமிடம் அவித்துவிட்டுப் போடுங்கள். கைப்பழக்கம் வந்தபின் அவிக்காமல் போட்டால் உருண்டை குழம்பை இன்னும் உறிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கடினம். பிரியாணி வாசனை தெரு முழுக்க இல்லாவிட்டாலும் பிள்ளைகள் மனதில் இருக்கும். அன்றைக்குக் காளான். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998 இல் ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் ரகத்தை வெளியிட்டது. மொட்டுக் காளானுக்குக் குளிர் வேண்டும். பால் காளான் நம் வெயிலிலேயே விளையும். சதைப்பற்று அதிகம், வெந்த பிறகும் கடிபடும். கிடைத்தால் பிரியாணிக்கு அதையே எடுங்கள்.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அரிசியோடு நேரே போட்டால் அந்தத் தண்ணீர் முழுதும் அரிசிக்குள் இறங்கிச் சோறு குழைந்துவிடும். முதலில் அகலச் சட்டியில் எண்ணெய் குறைவாக விட்டு, உப்புப் போடாமல், பெரிய தீயில் வதக்குங்கள். தண்ணீர் விட்டு, அது வற்றி, ஓரம் பழுப்பேறும்போது எடுத்துத் தனியே வையுங்கள். பிறகு பட்டை, கிராம்பு, வெங்காயம், தக்காளி, தயிர் வழக்கம்போல. அரிசி சீரகச் சம்பா என்றால் பாதி வேலை முடிந்தது. தக்காளியும் காளானும் சேர்ந்தால் கறிக்குழம்பின் நிறைவு வருவதற்கும் காரணம் உண்டு. 1908 இல் கிகுனே இகெடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றின் ருசியைப் பிரித்துப் பார்த்து, அதற்கு மூலம் குளுட்டமேட் என்று கண்டார். இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு நான்கிலும் சேராத அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். பழுத்த தக்காளியிலும் காளானிலும் அந்தக் குளுட்டமேட் இருக்கிறது. மழைக்குப் புற்றில் முளைக்கும் காளானையும் கிராமத்தில் பறித்துச் சமைப்பார்கள். பார்த்தே அடையாளம் சொல்லத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அதைத் தொட வேண்டாம். நச்சுக் காளான் உயிரை எடுக்கும்.

மீல்மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டையைப் பலர் ஒதுக்குவது அதன் பச்சை வாடைக்காக. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சோயா மாவிலிருந்து செய்வது அது. உலர்ந்த நிலையில் ஏறக்குறைய பாதி எடை புரதமே. உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தால் வாடை போய்விடும். ஒருமுறை பிழிந்தால் போதாது.

புரதம் என்று வந்ததும் பெரியவர்களும் பிள்ளை பெற்றவர்களும் கவலைப்படுவது தெரியும். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8, 9 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். நவராத்திரி ஒன்பது சாயங்காலமும் சுண்டல் சாப்பிடுகிற வீட்டில் புரதத்துக்குப் பஞ்சம் வராது. கொண்டைக்கடலை, பட்டாணி, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை, வேர்க்கடலை என்று நாளுக்கு ஒன்றாக மாற்றுங்கள். வாயு பிடிக்கும் என்று பயப்படுகிறவர்கள் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். நம் வயிற்றில் செரிக்காமல் குடலுக்குப் போய்ப் புளிக்கும் சில சர்க்கரைகள் அந்தத் தண்ணீரோடு கொஞ்சம் போய்விடும். இறக்கியபின் எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டும் அல்ல: அதிலுள்ள வைட்டமின் சி, பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு ஏற்க உதவும். சுண்டலோடு தேநீர் குடிப்பது அதைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பி12 மட்டும் காய்களிலும் பயறுகளிலும் கிடையாது, பாலும் தயிரும் தர வேண்டும். நல்ல உடம்புக்கு ஒரு மாதத்தில் குறை வராது, ஈரலில் நீண்ட நாளுக்கான சேமிப்பு இருக்கும்.

இனி சனிக்கிழமை. அப்பத்தா காலத்தில் பிள்ளைகள் நெற்றியில் நாமம் போட்டு, செம்பு ஏந்தி, "வெங்கட்ரமணா கோவிந்தா" என்று நாலு வீட்டு வாசலில் நின்று அரிசி வாங்கி வருவார்கள். அந்த அரிசியில்தான் தளிகை. இப்போதும் எங்கள் தெருவில் சில வீடுகள் அதை விடவில்லை. தலைவாழை இலையில் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எள்ளுச் சாதம், தயிர்ச் சாதம் என்று குவித்து, வடையும் சுண்டலும் வைத்து, நடுவில் மாவிளக்கு ஏற்றுவோம். சிலர் சாதங்களையே பெருமாள் முகமாக அமைத்து நாமம் இடுவார்கள்.

மாவிளக்குக்கு அடுப்பே வேண்டாம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் ஒட்டும்போதே இடித்துச் சலித்து, வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய் ஊற்றித் திரி போடுவது. விளக்கு மலையேறியதும் திரி எரிந்த இடத்து மாவு நெய்யில் பொரிந்து கிடக்கும். அதற்குத்தான் பிள்ளைகளிடையே சண்டை. வேகாத ஈர மாவு என்பதால் அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும்.

புளிக்காய்ச்சலோ அதற்கு நேர்மாறு. புளிப்பும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து கிருமியை அண்ட விடாது. தண்ணீர் முழுக்க வற்றி எண்ணெய் மேலே மிதக்கும்வரை காய்ச்சினால் வாரக்கணக்கில் இருக்கும். முதல் சனிக்குச் செய்வதைக் கொஞ்சம் கூட்டிச் செய்தால், வேலைக்குப் போகிற வீட்டில் மாதம் முழுக்க அவசரச் சாப்பாடு கையில் இருக்கும். ஆஞ்சநேயருக்குச் சாத்தும் மிளகு வடையின் சூட்சுமமும் இதே வகைதான். உளுந்தை அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாமல், தண்ணீர் தெளித்தும் தெளிக்காமலும் அரைத்து, தட்டையாகத் தட்டி, ஈரம் போகப் பொரிப்பது. வெங்காயம் இல்லை. அதனால்தான் நாலைந்து நாள் மொறுமொறுப்பு மாறாது. எள்ளுச் சாதத்துக்கு ஒரே எச்சரிக்கை: எள் வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள், நிறம் மாறவிட்டால் கசக்கும். 100 கிராம் எள்ளில் 900 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு இன்னொரு கரண்டி போடலாம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்து ஒப்பிலியப்பன் கோயிலில் நைவேத்தியம் எதிலும் உப்புக் கிடையாது. சமைக்கத் தெரியாத சிறு பெண்ணை மணந்த பெருமாள், உப்பில்லாமலே உண்பேன் என்று மார்க்கண்டேயருக்கு வாக்குக் கொடுத்தார் என்பது தலத்துக் கதை. அந்தப் பிரசாதத்தை ஒருமுறை வாங்கிச் சாப்பிட்ட பிறகு, அரிசிக்கும் பருப்புக்கும் தன் ருசி என்று ஒன்று இருப்பதை நான் நாக்கால் அறிந்தேன். அதன்பின் வீட்டில் உப்பின் அளவு தானாகக் குறைந்தது.

மகாளய அமாவாசையன்று எங்கள் வீட்டில் நாட்டுக் காய்கள் மட்டும்: வாழைக்காய், பூசணி, பாகல், பிரண்டைத் துவையல். பிரண்டையும் சேனை மாதிரியே அரிக்கும். இளம் கணுவாகப் பார்த்து எடுத்து, நெய்யிலோ நல்லெண்ணெயிலோ சுருளச் சுருள வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால் அரிக்காது. காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் நாங்கள் உட்காருவோம்.

தின்பண்டத்துக்கு வருவோம். ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவுக்கு 2019 இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 இலும், உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023 இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. மூன்றுமே பால், சர்க்கரை, கடலை, வெல்லம், பதனீர் என்று நாலைந்து பொருளுக்குள் அடங்குபவை. பால்கோவாவை வீட்டிலேயே கிளறலாம். ஒரு லிட்டர் கொழுப்பு நீக்காத பாலுக்கு 100 கிராம் சர்க்கரை. அடிகனத்த அகல உருளியில் வற்றவிட்டு, பால் பாதிக்கு மேல் சுண்டியபின் சர்க்கரை சேர்த்து, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் கிடைப்பது கால் கிலோவுக்குச் சற்றுக் கூட. பாலுக்கு அந்த இளம்பழுப்பு நிறம் வருவதற்கும் காரணம், சேனை வறுவலில் பார்த்த அதே மையார் வினைதான். வெல்லம் சேர்க்கும் பாயசத்திலும் அக்காரவடிசிலிலும் மட்டும் வேறு கவனம் வேண்டும்: கொதிக்கும் பாலில் வெல்லம் போட்டால் திரிந்துவிடும். இறக்கிக் கொஞ்சம் ஆறியபின் பாகை ஊற்றுங்கள்.

இதே சமயம் சீத்தாப்பழம் தெருவில் கூடை கூடையாக வரும். கண் விரிந்து, கண்களுக்கு இடையே வெளுப்பு ஓடியதாகப் பார்த்து வாங்கி, அரிசிப் பானையில் இரண்டு நாள் வைத்தால் பழுக்கும். மாதக் கடைசியில் புதுக் கடலை தலைகாட்டும். உப்புப் போட்டுத் தோலோடு அவித்துத் தட்டில் கொட்டிவிட்டால் வேறு எந்த நொறுக்குத் தீனியும் பிள்ளைகள் கேட்பதில்லை.

ஐப்பசி முதல் ஞாயிறு கறிக்கடையில் வரிசை தெருமுனைவரை நிற்கும். சென்னைக் காசிமேட்டில் மீன் வாங்க விடியும் முன்பே கூட்டம் கூடிவிடும், விலையும் ஏறியிருக்கும். எங்களுக்கு அன்று அவசரம் இல்லை; இரண்டு மூன்று நாள் கழித்தே வாங்குவோம். முந்தைய சனி தளிகை முடிந்த கையோடு வேறு வேலை தொடங்கியிருக்கும். தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டி வருகிறது, அதிரச மாவு அதற்கு முன்பே புளித்துப் பதமாக வேண்டும். கடலைமிட்டாய்க்குப் பாகு தண்ணீரில் விட்டால் டங்கென்று கல் மாதிரி விழ வேண்டும். அதிரசத்துக்கு அவ்வளவு போகக் கூடாது, தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் மென்மையாக உருண்டு வர வேண்டும். அதைத் தக்காளிப் பதம் என்பார் அப்பத்தா. ஈர அரிசி மாவில் அந்தப் பாகை ஊற்றிக் கிளறி, ஏலமும் சுக்கும் தட்டிப் போட்டு, மேலே நெய் தடவி, பானை வாயைத் துணியால் வேடு கட்டி வைப்போம். பரணிலிருந்து கறிச் சட்டி இறங்கும்போது, அது இருந்த இடத்துக்குக் கீழே இந்தப் பானை உட்கார்ந்திருக்கும்.